சைக்கிளில் மலையேற: வாசகர் கேள்வி பதில்

மலைச்சாலைகளிலும் பள்ளத்தாக்கு ஊர்களிலும் சைக்கிளில் சுற்றுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். கேட்டவர்களின் ஊர் மட்டும் போட்டிருக்கிறோம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குச் சைக்கிளில் போக ஆசை. குன்னூர் வழி நல்லதா, கோத்தகிரி வழி நல்லதா? எவ்வளவு நேரம் ஆகும்? பின் கேரியரில் பை இருக்கும். (திருப்பூர்)

கோத்தகிரி வழியே போங்கள். குன்னூர் ரோட்டில் பஸ், லாரி, டூரிஸ்ட் வேன் என்று ஓயாமல் வரும். அங்குள்ள 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் பஸ் ரோடு முழுவதையும் எடுத்துக்கொண்டுதான் திரும்பும். ஓரமாக ஏறிக்கொண்டிருக்கும் உங்களுக்கு அந்த நேரத்தில் ஒதுங்க இடம் இருக்காது.

நேரத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போடாதீர்கள். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர். கோத்தகிரி சுமார் 1,790. ஆக ஏற வேண்டியது 1,465 மீட்டர், தூரம் 33 கி.மீ. சராசரி ஏற்றம் 4.4 சதவீதம், அதாவது நூறு மீட்டர் தூரத்துக்கு 4.4 மீட்டர் உயரம் என்று வரும். ஆனால் ஊரைத் தாண்டும் வரை உள்ள சமதளமும் அந்தச் சராசரிக்குள் ஒளிந்திருக்கிறது. மலையில் கால் வைத்த பிறகு ஐந்து, ஆறு சதவீதம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பையோடு போகும் பழகிய ஆள் ஒரு மணி நேரத்தில் 400 முதல் 500 மீட்டர் உயரம் ஏறுவார். புதியவர் 300. நீங்கள் 400 ஏறுவீர்கள் என்றால் மிதிக்கும் நேரம் மட்டும் மூன்றே முக்கால் மணி. டீ, தண்ணீர், மூச்சு வாங்குவது எல்லாம் சேர்த்து ஐந்து மணி நேரம் வையுங்கள். அன்றைக்குக் கோத்தகிரியில் தங்கிவிடுங்கள். மறுநாள் கட்டபெட்டு வழியாக ஊட்டி சுமார் 30 கி.மீ. அதுவும் ஏறி இறங்கும் ரோடுதான். தொட்டபெட்டா பிரிவு வரை ஏறி, அங்கிருந்து ஊட்டிக்கு இறங்க வேண்டும். ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கிளம்புகிறவர்களுக்குக் கால் விட்டுப்போவது பெரும்பாலும் இந்த இரண்டாம் பாதியில்.

இரண்டு எச்சரிக்கை. குஞ்சப்பனை சுற்று வட்டாரத்தில் யானை நடமாட்டம் உண்டு, பலாப்பழம் பழுக்கும் மாதங்களில் இன்னும் அதிகம். நன்றாக வெளிச்சம் வந்த பிறகே அடிவாரத்தைத் தாண்டுங்கள். அடுத்தது, கோடை சீசனில் ஊட்டிக்குப் போகும் வண்டிகளைக் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்குவார்கள். அப்போது நீங்கள் ஏறும் ரோட்டில் மொத்தக் கூட்டமும் எதிரே இறங்கி வரும். ஏப்ரல் கடைசியும் மே மாதமும் இந்தப் பயணத்துக்கு ஆகாது.

துணைக்குக் கார் வருவதாக இருந்தால், 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்திருப்பதை நினைவில் வையுங்கள். பையில் ஒரு காற்றுத் தடுப்புச் சட்டையும் வேண்டும். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் ஆறு, ஆறரை டிகிரி குறையும். வேர்வையில் நனைந்த பனியனோடு கோத்தகிரியில் நின்றால் பத்து நிமிடத்தில் பல் கிடுகிடுக்கும்.

50/34 செயின்வீல், பின்னால் 11–28 உள்ள ரோடு பைக் வைத்திருக்கிறேன். விலை 60 ஆயிரத்துக்கு மேல். என் தம்பியின் சாதாரண 21 கியர் சைக்கிள் மலையில் என்னைவிட லேசாக ஏறுகிறது. எப்படி? (மதுரை வாசகி)

காரணம் விலையில் இல்லை, பற்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. உங்கள் சைக்கிளின் ஆக லேசான கியர் முன்னால் 34, பின்னால் 28. பெடலை ஒரு சுற்று சுற்றினால் பின் சக்கரம் 1.21 சுற்று சுற்றி, வண்டி 2.6 மீட்டர் போகும். தம்பியின் சைக்கிளில் முன்னால் 24 பல்லும் பின்னால் 28 பல்லும் இருக்கும் என்று நினைக்கிறோம். 21 கியர் வண்டிகளில் பெரும்பாலும் அப்படித்தான். அதில் ஒரு சுற்றுக்கு 26 அங்குலச் சக்கரம் 1.75 மீட்டர்தான் போகும்.

இதை ஒரு ஏற்றத்தில் வைத்துப் பாருங்கள். ஆள் 70 கிலோ, சைக்கிள் 13, பை 12, மொத்தம் 95 கிலோ. எட்டு சதவீத ஏற்றத்தில் 150 வாட் கொடுத்து மிதித்தால் மணிக்கு ஆறரை கி.மீ. வேகம் கிடைக்கும். அதாவது நிமிடத்துக்கு 108 மீட்டர். உங்கள் கியரில் நிமிடத்துக்கு 41 சுற்று மிதிக்க வேண்டும், தம்பிக்கு 61. நாற்பது சுற்றில் ஒவ்வொரு மிதிக்கும் முட்டி நசுங்கும். அறுபதில் மூச்சு வாங்கும், முட்டி பிழைக்கும். வண்டியை நிறுத்தினால் மூச்சு திரும்ப வந்துவிடும், போன முட்டி வராது என்பதால் தம்பி பக்கமே நியாயம்.

மாற்ற வேண்டியது கேசட், அதாவது பின் சக்கரத்திலுள்ள பல்சக்கர அடுக்கு. 11–34 போட்டால் கடைசி கியர் சரியாக 1:1 ஆகும், அதே ஏற்றத்தில் 50 சுற்று. கடையில் வாங்கும் முன், செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் பின் டீரெய்லர் 34 பல்லைத் தாங்குமா என்று அதன் மாடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். குட்டைக் கூண்டு உள்ள டீரெய்லர் தாங்காது. மேல் சக்கரம் கேசட் பல்லில் உரசிக் கடகடக்கும், செயினும் தொங்கும்.

கேசட் பெரிதானால் செயினும் நீளமாக வேண்டும். இதைத்தான் பலர் மறக்கிறார்கள். செயினை டீரெய்லருக்குள் விடாமல், முன் பெரிய பல்சக்கரத்தையும் பின் பெரிய பல்சக்கரத்தையும் மட்டும் சுற்றிப் பிடியுங்கள். முனைகள் சேரும் இடத்திலிருந்து இரண்டு கண்ணி கூட்டி, அங்கே வெட்டுங்கள். பழைய நீளத்திலேயே விட்டால், என்றோ ஒரு நாள் தெரியாமல் பெரியதுக்குப் பெரியது போட்ட நிமிடம் டீரெய்லர் இழுபட்டு, அது மாட்டியிருக்கும் காது ஒடியும். அந்தக் காது ஒவ்வொரு பிரேமுக்கும் ஒரு வடிவம். உங்கள் பிரேமுக்குரியதை ஒன்று வாங்கிப் பைக்குள் போட்டு வையுங்கள், மலை ஊரில் கிடைக்காது.

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும்போது பாதி வழியில் கருகல் வாடை வந்தது. பிரேக் லீவரை ஹேண்டில்பார் வரை இழுத்தும் வண்டி நிற்க மறுத்தது. கேபிள் டிஸ்க் பிரேக். பேடு அதற்கு முந்தின நாள்தான் புதிதாகப் போட்டது. (சேலம்)

“முந்தின நாள் போட்டது” என்ற வரியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பேடு புதிதாக இருந்தால் நேராக மலைக்குக் கொண்டுபோகக் கூடாது. முதலில் சமதள ரோட்டில் மணிக்கு 20 கி.மீ. வேகம் எடுத்து, நடைவேகத்துக்குக் கொண்டுவருகிற மாதிரி பிரேக் பிடிக்க வேண்டும், ஆனால் முழுதாக நிறுத்தக் கூடாது. முன்னால் இருபது தடவை, பின்னால் இருபது தடவை. பேடின் மெல்லிய படலம் டிஸ்க்கில் சீராகப் படிந்தால்தான் பிடிப்பு வரும். படியாத பேடு மலையில் சூடேறினால் அதன் முகம் கண்ணாடி மாதிரி வழவழத்துப்போகும். அதன் பிறகு எவ்வளவு அழுத்தினாலும் வழுக்கும், கீச்சிடும்.

மீதிப் பாதி, நீங்கள் பிரேக்கைப் பிடித்த விதம். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறக்கம் சுமார் 1,200 மீட்டர். 95 கிலோ எடை அவ்வளவு தூரம் இறங்கும்போது வெளிவரும் சக்தி, குழாய்த் தண்ணீர் மூன்றரை லிட்டரைக் கொதிக்க வைக்கப் போதும். அந்தச் சூட்டையெல்லாம் உள்ளங்கை அகல டிஸ்க் இரண்டும் வாங்க வேண்டும். அடிவாரம் வரை லேசாகப் பிடித்தபடியே வந்தால் டிஸ்க் ஆற ஒரு நொடிகூடக் கிடைக்காது. வளைவுக்கு வளைவு விட்டு விட்டுப் பிடியுங்கள். வளைவுக்கு முந்தைய நேர் ரோட்டில் இரண்டு பிரேக்கையும் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், முன் பிரேக்குக்குப் பங்கு அதிகம். வளைவுக்குள் நுழையும்போது விட்டுவிடுங்கள். வளைவுக்குள்ளே போய் முன் பிரேக்கைப் பிடித்தால், அங்கே கிடக்கும் பொடி மணலிலோ சிந்திய டீசலிலோ முன் சக்கரம் சறுக்கும். நடுவில் கை விட்டிருக்கும் நேரத்தில் எதிர்காற்றும் ஒரு பங்கு வேகத்தைத் தின்றுகொள்ளும்.

லீவர் ஹேண்டில்பார் வரை வந்ததற்குக் காரணம் வேறு. கேபிள் டிஸ்க்கில் பெரும்பாலும் வெளிப்பக்கப் பேடு மட்டும்தான் நகரும். பேடு தேயத் தேய இடைவெளி கூடும், தானாகச் சரியாகாது. ஹைட்ராலிக் பிரேக்தான் தன்னால் ஈடுகட்டிக்கொள்ளும். உங்களுடையதில் சக்கரத்தின் பக்கம் உள்ள அசையாப் பேடை அதன் பின்னாலிருக்கும் திருகால் உள்ளே தள்ளி, டிஸ்க்கை உரசியும் உரசாத நிலைக்குக் கொண்டுவாருங்கள். பிறகு கேபிள் நுழையும் இடத்திலுள்ள பீப்பாய்த் திருகை வெளியே சுற்றிக் கேபிளின் தொய்வை எடுங்கள். மலைக்குக் கிளம்பும் அன்று காலையில் இதைச் செய்ய ஐந்து நிமிடம் போதும்.

இப்போது இருக்கும் பேடைக் கழற்றி, ஒரு கண்ணாடித் துண்டின் மேல் 120 எண் உப்புத்தாளை விரித்து, எட்டுப் போடுகிற மாதிரி தேயுங்கள். பளபளப்புப் போய் மங்கல் சாம்பல் நிறம் வந்தால் போதும். டிஸ்க்கை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த சுத்தமான துணியால் துடையுங்கள். செயின் எண்ணெய் பட்ட பேடு என்றால் தேய்த்துப் பயனில்லை, தூக்கிப் போட வேண்டியதுதான். உராயும் பகுதி ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தாலும் அதே கதி.

வழியில் வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, பத்து நிமிடம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிக்கொள்ளும். விரலால் தொட்டுப் பார்க்கும் ஆசையும் வேண்டாம்.

ரிம்மைப் பிடிக்கும் பிரேக் கட்டை உள்ளவர்களுக்கு ஒரு வரி: கட்டையில் வெள்ளியாக மின்னும் அலுமினியத் துணுக்கு குத்தியிருந்தால் ஊசியால் நெம்பி எடுங்கள், இல்லாவிட்டால் அது ரிம்மை உழுதுவிடும். மழையில் ரிம் நனைந்திருந்தால் முதல் ஒன்றிரண்டு சுற்று பிரேக்கே பிடிக்காது என்பதையும் கணக்கில் வைத்து, முன்கூட்டியே பிடிக்கத் தொடங்குங்கள்.

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு, ஏற்காட்டில் 20. அப்படியானால் கொல்லிமலை மூன்றரை மடங்கு கஷ்டமா? (நாமக்கல்)

இல்லை. மலையின் செங்குத்தைக் குறைக்கத்தான் வளைவே போடுகிறார்கள். வளைவைக் குறைத்து நேராக ஏற்றினால் ரோடு நெட்டுக்குத்தாகும். ஊட்டியிலிருந்து மசினகுடி போகும் கல்லட்டிப் பாதையில் 36 வளைவுதான், ஆனால் அதன் செங்குத்து பேர்போனது. அதில் வெளியூர் வண்டிகளைக் கீழே இறங்க விடுவதில்லை.

கொல்லிமலை அடிவாரமான காரவள்ளியிலிருந்து ஏறும்போது வளைவுகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். வலது பக்கம் திரும்பும் கொண்டை ஊசியில் நமக்கு வெளிவட்டம் கிடைக்கும். அங்கே ரோடு ஏறக்குறைய படுத்துக் கிடக்கும், மூச்சை மீட்டுக்கொள்ளலாம். இடது பக்கம் திரும்பும் கொண்டை ஊசியில் நாம் உள்வட்டத்தில் மாட்டிக்கொள்வோம். அதே உயரத்தை மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஏற வேண்டியிருக்கும் என்பதால் சுவர் மாதிரி நிற்கும். ஆகவே இடது வளைவுக்குப் பத்து மீட்டர் முன்னாலேயே கியரைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் போய் முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டே கியர் மாற்றினால் செயின் பல்லில் ஏறாமல் கடக்கென்று நழுவும், சில நேரம் அறுந்தே போகும். மேலேயும் கீழேயும் வண்டிச் சத்தம் இல்லை என்றால் மட்டும் ஓர் அடி, இரண்டு அடி வெளியே எடுத்துத் திரும்பலாம். பஸ் சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்பே நின்று அதைப் போகவிடுங்கள். மலையில் ஏறுகிற வண்டிக்கே முதல் வழி என்பது விதி. அதை இறங்கி வரும் லாரிக்கு நீங்கள் நினைவூட்ட முடியாது.

மேலே சோளக்காடு, செம்மேடு போனதும் சமதளம் என்று நினைக்காதீர்கள். ஊருக்கு ஊர் இறங்கி ஏறும். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேல் படி இறங்கி ஏற வேண்டும். சைக்கிளில் ஏறிய அன்றே அதையும் பார்த்துவிடலாம் என்ற யோசனையை முளையிலேயே கிள்ளிவிடுங்கள்.

ஜூலையில் தேனியிலிருந்து குமுளிக்குப் போனேன். ரோடு சமமாகத்தான் இருந்தது, ஆனால் மணிக்குப் பத்து கி.மீ.கூடப் போக முடியவில்லை. டயரில் காற்று சரியாகத்தான் இருந்தது. (திண்டுக்கல்)

டயரில் இருந்த காற்றில் குறை இல்லை, எதிரே வந்த காற்றில்தான் இருந்தது. கம்பம் பள்ளத்தாக்கு தென்மேற்கே குமுளியிலிருந்து வடகிழக்கே தேனி வரை நீளும் ஒரு வாய்க்கால் மாதிரி. இரண்டு பக்கமும் மலை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலை தாண்டி அந்த வாய்க்காலுக்குள் இறங்கி ஓடும். ஆண்டிபட்டி வட்டாரத்தில் காற்றாலைகள் நிற்பதும் சும்மா இல்லை. நீங்கள் 18 கி.மீ. வேகத்தில் போக, எதிரே 20 கி.மீ. காற்று வந்தால், உடம்பில் மோதுவது 38 கி.மீ. காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாகக் கூடுவதால் அது நாலரை மடங்காகிவிடும்.

அந்த மாதங்களில் திசையை மாற்றுங்கள். தேனியில் ஒரு ‘குட்டி யானை’ பேசிச் சைக்கிளைக் குமுளிக்கு ஏற்றிவிட்டு, அங்கிருந்து லோயர் கேம்ப்புக்கு இறங்கி, கூடலூர், கம்பம் வழியாக வாருங்கள். காற்றே தேனி வரை தள்ளிக்கொண்டு வரும். மிதித்துத்தான் ஏறுவேன் என்றால் டிசம்பர், ஜனவரி சரியான காலம். அப்போது வடகிழக்குக் காற்று முதுகில் இருக்கும். லோயர் கேம்ப் வரை ஏற்றம் தெரியாது, கடைசி ஆறேழு கிலோமீட்டரில்தான் மலை.

நெடுஞ்சாலையிலேயே போய் வந்தால் பள்ளத்தாக்கைப் பார்த்ததாகாது. உத்தமபாளையத்தில் கிழக்கே பிரிந்து ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி வழியாகக் கம்பத்தில் போய்ச் சேருங்கள். ஒரு பக்கம் மேகமலைச் சரிவு, மறுபக்கம் திராட்சைப் பந்தல். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை இந்தத் தோட்டங்களில் விளைவதுதான். வாகனம் குறைவு. ஆனால் உழவு நேரத்தில் டிராக்டர் சக்கரம் ரோட்டில் உதிர்த்துவிட்டுப் போகும் சேறு காய்ந்து கட்டியாகக் கிடக்கும், மழை தூறினால் வழவழக்கும். ஊர்ச் சாலை வேகத்தடைகளுக்குப் பல இடங்களில் வெள்ளைக்கோடு இருக்காது. கேரியர் போல்ட் கழன்று விழுவது இங்கேதான்.

சின்னமனூரிலிருந்து மேகமலை ஏறும் ரோட்டில் 18 வளைவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். அடிவாரமான தென்பழனியில் வனத்துறைச் சோதனைச் சாவடி இருக்கிறது, இரவில் விட மாட்டார்கள். சைக்கிளுக்கு அனுமதி உண்டா என்று கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். சாவடி வரை போய்த் திரும்புவது வீண் அலைச்சல்.

700×35 டயர். பஞ்சரானதும் கிராமத்துக் கடையில் ‘28 இன்ச்’ டயரும் டியூபும் வாங்கினேன். டயர் தொளதொளவென்று ரிம்மில் உட்காரவே இல்லை. 700-ம் 28-ம் ஒன்று என்கிறார்களே? (கரூர்)

பேச்சுவழக்கில் ஒன்று, அளவில் வேறு. பால்காரர் ஓட்டும் 28×1½ சைக்கிளின் டயர் உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டர். உங்கள் 700-க்கு 622. பதின்மூன்று மில்லிமீட்டர் பெரிய டயர் எப்படி நிற்கும்? காற்றடித்ததும் ஒரு பக்கம் பிதுங்கி டியூப் வெடிக்கும். 26 அங்குலத்திலும் இதே வம்பு உண்டு. பழைய லேடீஸ் சைக்கிளின் 26×1⅜ என்பது 590, மலை சைக்கிளின் 26×1.95 என்பது 559. டயரின் பக்கவாட்டில் 37-622 என்பது போல ஓர் எண் அச்சாகியிருக்கும். அதன் கடைசி மூன்று இலக்கம் மட்டும்தான் சத்தியம்.

டியூப் ரப்பர்தானே, அவசரத்துக்கு 28×1½ டியூபை உங்கள் டயருக்குள் லேசாக மடித்துத் திணித்துவிடலாம். ஆனால் வால்வு காலை வாரும். ஊர்க் கடை டியூபின் வால்வுத் தண்டு தடிமன். உங்கள் ரிம்மில் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கான ஆறரை மில்லிமீட்டர் துளை இருந்தால் அது நுழையாது. அதனால் சொந்த டியூப் இரண்டு எடுத்துப் போங்கள். கூடவே பிரெஸ்டாவை மோட்டார் சைக்கிள் வால்வாக மாற்றும் பித்தளை அடாப்டர் ஒன்று. சுண்டு விரல் நகம் அளவுதான் இருக்கும், விலையும் சொற்பம். அது இருந்தால் எந்தப் பெட்ரோல் பங்கிலும் காற்றடிக்கலாம்.

பஞ்சர் ஒட்டும்போது சொல்யூஷன் ஈரமாக இருக்கையிலேயே ஒட்டுத்துண்டை அழுத்துவதுதான் பரவலான தவறு. உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்கு உலரும் வரை ஐந்து நிமிடம் பொறுங்கள். அதற்குள் டயரின் உள்பக்கத்தைப் பஞ்சால் தடவுங்கள். சீமைக் கருவேல முள்ளோ, லாரி டயரிலிருந்து தெறித்த மயிரிழைக் கம்பியோ குத்தியிருந்தால் பஞ்சு அங்கே மாட்டும். அதை எடுக்காமல் டியூபை மட்டும் ஒட்டினால் அடுத்த கிலோமீட்டரில் மறுபடி உட்கார வேண்டியதுதான்.

பையோடு போனால் பின் சக்கரக் கம்பி அடிக்கடி அறுகிறது. (ஈரோடு)

எல்லாச் சுமையையும் பின்னால் ஏற்றுவதால் வருவது. 12 கிலோ என்றால் நாலைந்து கிலோவை முன்னால் கொண்டுவாருங்கள். அறுவது பெரும்பாலும் கேசட் பக்கத்துக் கம்பியாக இருக்கும். அந்தப் பக்கம் இழுவிசை அதிகம். ஒன்று அறுந்து அப்படியே ஓட்டினால் மற்றவற்றின் மேல் பாரம் ஏறி வரிசையாக அறும். வழியில் அறுந்தால், அறுந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிட்டு, அதே பக்கம் இருபுறமும் உள்ள இரண்டு கம்பிகளின் நிப்பிளை, அதாவது கம்பியை ரிம்மில் பிடிக்கும் திருகை, அரைச் சுற்று முறுக்கினால் கோட்டம் ஓரளவு அடங்கும், பிரேக்கில் உரசாமல் ஊர் போய்ச் சேரலாம். அடிக்கடி அறுகிறது என்றால் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்காமல் 36 துளை ரிம்மில் புதுக் கம்பிகளால் சக்கரத்தையே கட்டிவிடுங்கள்.

கொடைக்கானலில் தங்கி, மேல்மலைக் கிராமங்களைச் சைக்கிளில் பார்க்க முடியுமா? (திருச்சி)

முடியும், அழகான ரோடு. ஆனால் கணக்கு தலைகீழ். கொடைக்கானல் உயரத்தில் இருக்கிறது, பூம்பாறை அதைவிடத் தாழ்வு. ஏரியிலிருந்து அப்சர்வேட்டரி பக்கம் ஏறி, பிறகு காட்டுக்குள் இறங்கி 18 கி.மீ.யில் பூம்பாறை. காலையில் சிரித்துக்கொண்டு இறங்கியதைத் திரும்பும்போது சோர்ந்த காலோடு ஏற வேண்டும். மன்னவனூர் வரை போனால் ஒரு வழி 35 கி.மீ. வாக்கில் வரும், கிளாவரை அதற்கும் அப்பால். மன்னவனூரிலோ பூம்பாறையிலோ ஓர் இரவு தங்கும் ஏற்பாடு இல்லாமல் கிளாவரைக்கு ஆசைப்படாதீர்கள்.

பூம்பாறைக்கு மேலே ரோடு திரும்பும் இடத்தில் நின்றால் ஊர் முழுதும் காலடியில் தெரியும். படிப்படியான வயல்கள், நடுவில் நெருக்கமாக ஓட்டு வீடுகள், குழந்தை வேலப்பர் கோயில். வயலில் இருப்பது பெரும்பாலும் பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஓட்டும் விஷயத்துக்கு வந்தால், மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கும். பின்னால் சிவப்பு விளக்கை எரியவிட்டு, மூன்று மணிக்குள் கொடைக்கானல் திரும்புகிற மாதிரி வையுங்கள். காட்டெருமை ரோட்டோரம் மேய்ந்தால் நின்றுவிடுங்கள். சாதுவாகத் தலை குனிந்து மேய்கிறதே என்று பக்கத்தில் உரசிக்கொண்டு போகாதீர்கள், ஒன்றன் பின்னால் இன்னொன்று புதரிலிருந்து பாயும்.

சென்னையிலிருந்து சைக்கிளை ரயிலில் கொண்டுபோவது எப்படி? (சென்னை வாசகி)

ஸ்டேஷன் பார்சல் அலுவலகத்தில் உங்கள் பயணச் சீட்டைக் காட்டி லக்கேஜாகப் பதிவு செய்ய வேண்டும். ரயில் கிளம்ப இரண்டு மணி நேரம் முன்பே போங்கள். பம்பு, விளக்கு, தண்ணீர் பாட்டில், பை எல்லாவற்றையும் கழற்றி உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். பெடலைக் கழற்றுங்கள். இடது பெடலின் மறை எதிர்த்திசை என்பதை மறந்து முறுக்கினால் இன்னும் இறுகும். பின் கியரை ஆகப் பெரிய பல்லில் போட்டு வைத்தால் டீரெய்லர் உள்ளே ஒடுங்கி நிற்கும், மேலே வேறு பார்சல் விழுந்தாலும் தப்பிக்கும். பெயர், போகும் ஸ்டேஷன் எழுதிய அட்டையை இரண்டு இடத்தில் கட்டுங்கள்.

நடுவழி ஸ்டேஷனில் ரயில் இரண்டு நிமிடம் நிற்கும்போது பார்சல் வேனைத் திறந்து இறக்குவது பெரும்பாடு. ரயில் முடிகிற ஊராகத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பதற்றம் இல்லை. நீலகிரிக்கு மேட்டுப்பாளையம் போகும் நீலகிரி எக்ஸ்பிரஸ். கம்பம் பள்ளத்தாக்குக்கு 2023 ஜூனிலிருந்து ஓடும் போடிநாயக்கனூர் ரயில். அது தினசரி இல்லை, நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

வால்பாறை ரோட்டில் யானை எதிர்ப்பட்டால் என்ன செய்வது? (பொள்ளாச்சி)

நூறு மீட்டர் தள்ளியே நின்றுவிடுங்கள். பெல் அடிக்காதீர்கள், விளக்கு அடிக்காதீர்கள். சைக்கிளை முதலில் வந்த திசைக்குத் திருப்பி வைத்துக்கொண்டு, ஒரு பஸ்ஸோ லாரியோ வரும் வரை பொறுத்து, அதன் மறைவில் நில்லுங்கள். யானை காட்டுக்குள் இறங்கிய பிறகும் பத்து நிமிடம் காத்திருங்கள், கூட்டம் முழுதும் கடந்திருக்காது. ஆழியாறு சாவடியிலிருந்து 40 வளைவு ஏறி, கவர்க்கல் மூடுபனியைத் தாண்டி, இருட்டுவதற்குள் வால்பாறை சேர வேண்டும். அதற்குக் காலை ஏழு மணிக்காவது சாவடியில் நிற்க வேண்டும். தின்பண்டத்தைக் கேரியரில் தெரியும்படி கட்டாதீர்கள், வளைவுகளில் குரங்கு காத்திருக்கும்.

ஏறும்போது பாதியில் கை கால் நடுங்கி, கண் இருட்டுகிறது. காலையில் ஆறு இட்லி சாப்பிட்டுத்தான் கிளம்புகிறேன். (விருதுநகர்)

ஆறு இட்லி இரண்டு மணி நேர ஏற்றத்துக்குத் தாங்கும், அதற்கு மேல் தாங்காது. பசிக்கும் முன்பே, கிளம்பிய முக்கால் மணியிலிருந்து, மணிக்கு இரண்டு வாழைப்பழம் அல்லது அதற்கு ஈடாகக் கடலை மிட்டாய் சாப்பிட்டுக்கொண்டே போங்கள். தண்ணீர் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர். மூன்று மணி நேரத்துக்கு மேல் போனால் அதில் ஒரு லிட்டரை ஓ.ஆர்.எஸ். கலந்து வையுங்கள். சாப்பிட்டும் நடுக்கம் நிற்காவிட்டால் ஏறுவதை நிறுத்திவிட்டு, ஊர் திரும்பியதும் சர்க்கரை அளவைப் பார்த்துவிடுங்கள்.

ஏறினால் முட்டி முன்பக்கம் வலிக்கிறது. கியர் சரியாகத்தான் இருக்கிறது. (தஞ்சாவூர்)

சீட் தாழ்வாக இருக்கும். பெடலைக் கீழே கொண்டுவந்து குதிகாலை அதன் மேல் வையுங்கள், கால் நேராக நிமிர வேண்டும். நிமிரவில்லை என்றால் ஐந்து மில்லிமீட்டர் உயர்த்தி, இரண்டு நாள் ஓட்டிப் பார்த்து, மறுபடி ஐந்து. ஒரேயடியாக உயர்த்தினால் வலி முட்டிக்குப் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும்.